பலகை வரும் வரிசையில் குடிக்காதீர்கள்: பெங்களூரு பப்களின் பீர் சாம்ப்லர்

பெங்களூரில் சொந்தமாக பீர் காய்ச்சும் எந்தப் பப்பில் உட்கார்ந்தாலும் மெனுவில் சாம்ப்லர் என்று ஒன்று கண்ணில் படும். அந்த இடத்துப் பீர்களில் நான்கோ ஆறோ, சின்னச் சின்னக் கண்ணாடிக் குவளைகளில், குழி வெட்டிய மரப்பலகையில் வந்து சேரும். அமெரிக்காவில் இதை ஃப்ளைட் என்பார்கள். புதிதாகப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். ஆனால் பலகை வந்து இறங்கும் கோலத்திலேயே குடித்தால் பாதி பீர்களின் ருசி தெரியாமலே போய்விடும்.

காரணம், பலகையை நிறம் பார்த்து அடுக்குகிறார்கள். இடப்பக்கம் வெளிர் மஞ்சள், நடுவில் செம்பு, வலக்கோடியில் கறுப்பு. படம் எடுக்க அழகாக இருக்கும். நாக்குக்கு இது தப்பான வரிசை. பீரின் நிறம் மால்ட்டை, அதாவது முளைகட்டிய தானியத்தை, எவ்வளவு வறுத்தார்கள் என்பதை மட்டுமே சொல்லும். கசப்பு ஹாப்ஸ் என்ற பூவிலிருந்து வருவது, போதை மாவுச்சத்திலிருந்து வருவது. இரண்டுக்கும் நிறத்தோடு உறவில்லை. ஐபிஏ என்ற பீர் பொன்னிறத்தில் இருக்கும், ஆகவே பலகையில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ நிற்கும். அதன் கசப்பு பொதுவாக 40 முதல் 70 ஐபியு (கசப்பை அளக்கும் அலகு). அதற்கு அடுத்து நிற்கும் பழுப்பு நிற டங்கெல் பார்வைக்கு முரடு, குணத்தில் சாது: கசப்பு 18 முதல் 28 தான், ரொட்டி மேலோட்டின் மணம், மெல்லிய இனிப்பு. ஐபிஏவைக் குடித்த நாக்கில் டங்கெல் வெறும் தண்ணீராகத் தெரியும். பாகற்காய் தின்றுவிட்டு இளநீர் குடித்தால் இளநீரைக் குறை சொல்ல முடியுமா?

பலகை வந்ததும் குவளைகளை இடம் மாற்றுங்கள். முதலில் பிளாண்ட் (வெளிர் நிற லேசான பீர்) அல்லது லேகர் (குளிரில் நெடுநாள் முதிரும் பீர்). அடுத்து கோதுமை பீர். அதற்கடுத்து மல்லி, ஆரஞ்சுத் தோல் போட்ட விட். பின்பு சிவப்பு ஏல் (ஏல் என்பது லேகரைவிடச் சீக்கிரம் தயாராகும் வகை) அல்லது டங்கெல். அதன் பின் கறுப்பு ஸ்டவுட். கடைசியில் ஐபிஏ. போதை கூடிய பெல்ஜியன் ட்ரிப்பெல் இருந்தால் அதுவும் கடைசியில்தான். ஸ்டவுட்டா ஐபிஏவா, எது முன்னால் என்று சண்டை உண்டு. ஸ்டவுட்டின் வறுத்த கசப்பு காபி மாதிரி; ஒரு வாய் தண்ணீரில் பெரும்பாலும் போய்விடும். ஹாப்ஸ் பிசின் நாக்கின் அடியில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கும். ஆகவே ஐபிஏதான் பின்னால்.

இந்திரா நகர் 100 அடி சாலையிலுள்ள டாய்ட் பப்பை வைத்துச் சொன்னால் இது தெளிவாகும். 2010-ல் திறந்த இடம். பாசுமதி பிளாண்ட், டின்டின் டாய்ட், டாய்ட் வைஸ், டாய்ட் ரெட், டார்க் நைட், கலோனியல் டாய்ட் ஆகியவை அங்கே பழகிய பெயர்கள். பிளாண்டில் தொடங்கி, வைஸ் (கோதுமை), டின்டின் (விட்), ரெட் என்று வந்து, டார்க் நைட்டுக்குப் பிறகு ஐபிஏவான கலோனியலைத் தொடுவது சரி. நிறத்தை நம்பினால் கலோனியல் முன்னால் வந்து ரெட்டைக் கெடுத்துவிடும். மெக்ராத் சாலையில் மூன்றாவது மாடியிலுள்ள ஆர்பர் ப்ரூயிங் கம்பெனியில் கவனம் இன்னும் வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகனில், ஆன் ஆர்பர் ஊரில் பிறந்த ப்ரூவரியின் பெயரைத் தாங்கிய இடம். கை கொஞ்சம் கனமான கை. பேங்களூர் பிளிஸ் கோதுமை பீர், அதில் தொடங்கலாம். ரேஜிங் எலிஃபன்ட் ஐபிஏ, ஃபேட் ஆபட் பெல்ஜியன் ட்ரிப்பெல். இவை இரண்டும் பலகையில் எங்கே இருந்தாலும் எடுத்துக் கடைசியில் வைத்துவிடுங்கள். இந்தியாவில் பீர் என்ற பெயரில் விற்க 8 சதவீதம்தான் உச்ச வரம்பு என்பதால் ட்ரிப்பெல் இங்கே அதன் பெல்ஜிய உறவினர்களைவிடச் சற்றுச் சாந்தமாகவே இருக்கும். ஆனாலும் பலகையிலேயே வேகமாக ஏறுவது அதுதான். இனிப்பும் பழ மணமும் அதன் பலத்தை மறைத்துவிடும்.

எத்தனை, எவ்வளவு

ஒரு குவளை இடத்துக்கு இடம் 60 முதல் 120 மில்லி வரை. 60 மில்லி போதாது. முதல் வாய் நாக்கைப் பழக்கவே சரியாகப் போகும், இரண்டாவது வாயில்தான் ருசி புரியும், மூன்றாவதில்தான் தீர்ப்பு. அதற்குள் குவளை காலி. 90 முதல் 100 மில்லி நல்ல அளவு. 120-க்கு மேல் என்றால் அதைச் சாம்ப்லர் என்பதைவிட ஆறு சின்ன பீர் என்பதே பொருத்தம்.

கணக்குப் பாருங்கள். 100 மில்லி வீதம் ஆறு குவளை, சராசரி 5 சதவீதம் என்றால் உள்ளே போகும் ஆல்கஹால் 30 மில்லி, எடையில் ஏறக்குறைய 24 கிராம். டாஸ்மாக்கில் கிடைக்கும் 650 மில்லி பாட்டிலுக்கு 50 மில்லிதான் குறைவு. ஐபிஏவும் ட்ரிப்பெலும் சேர்ந்து சராசரி 6 சதவீதத்தைத் தொட்டால் 28 கிராம். உடம்பு மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் கழிக்கும். “ருசி பார்த்தேன், குடிக்கவில்லை” என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

நம் தீர்ப்பு: ஆறு வேண்டாம், நான்கு போதும். நாலாவது குவளைக்குப் பின் மூக்கு களைத்துவிடும். ஐந்தாவதுக்கு எழுதும் குறிப்பு எப்போதும் “நன்று” என்ற ஒரே சொல்லாகத்தான் இருக்கும். ஆறு குவளை கொண்ட பலகையை இரண்டு பேர் பகிர்வது இன்னும் நல்லது. ஒவ்வொரு பீரிலும் ஒருவருக்கு 50 மில்லிதான் கிடைக்கும், அது குறைவு என்றாலும், ஒருவர் கண்டுபிடிக்காத வாழைப்பழ வாசனையை மற்றவர் கண்டுபிடித்துச் சொல்வார்.

விலையை மில்லிக் கணக்கில் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, 100 மில்லி வீதம் ஆறு குவளைப் பலகை 600 ரூபாய், அதே பீர் 500 மில்லி மக் 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பலகையில் 100 மில்லிக்கு 100 ரூபாய், மக்கில் 80. இந்த அளவு வித்தியாசம் நியாயம்தான்: ஆறு குவளை கழுவ வேண்டும், ஆறு குழாய் திறக்க வேண்டும், நுரையில் கொஞ்சம் வீணாகும். மக் விலையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் போனால் பலகையை விட்டுவிட்டு வேறு வழி பார்க்கலாம். வேறு வழி என்றால், பல இடங்களில் ஒரு மக் வாங்குகிறவர் கேட்டால் ஓரிரு பீரை ஒரு வாய் அளவுக்கு இலவசமாகவே ருசி காட்டுவார்கள். இரண்டு பீருக்கு நடுவில் மட்டும் குழப்பம் என்றால் அதுவே போதும். ஆனால் கூட்டம் நெரிக்கும் சனி இரவு எட்டு மணிக்கு எட்டு ருசி கேட்பது அழகில்லை.

பலகையில் கெடுவது என்ன

சாம்ப்லரின் பெரிய பகை நேரம். ஆறு குவளையையும் ஒரே நேரத்தில் நிரப்பி, மற்ற மேசைக்குப் போகும் தட்டோடு சேர்த்து எடுத்து வருவார்கள். முதல் குவளை குழாயிலிருந்து இறங்கி ஏழெட்டு நிமிடம் கழித்துத்தான் மேசைக்கு வரும். 500 மில்லி மக் அதைத் தாங்கும். 100 மில்லி தாங்காது. அளவு சிறிது என்பதால் சூடும் சீக்கிரம் ஏறும், வாயுவும் சீக்கிரம் வெளியேறும். வெயில் காலத்தில் மொட்டை மாடியில் உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் கடைசிக் குவளை கஞ்சி. இதற்கு எளிய மருந்து உண்டு: ஆறு கேட்டாலும் மூன்று மூன்றாக இரண்டு தவணையில் கொண்டுவரச் சொல்லுங்கள். பாரில் இருப்பவர் முதலில் முகம் சுளிக்கலாம், செய்து கொடுத்துவிடுவார். பார் மேசையிலேயே உட்கார இடம் கிடைத்தால் இந்தச் சிக்கலே இல்லை.

சூடு ஏறுவது எல்லா பீருக்கும் கெடுதல் என்றும் சொல்ல முடியாது. லேகர், பிளாண்ட் 4 முதல் 7 டிகிரியில் நன்றாக இருக்கும். கோதுமை பீர் 5 முதல் 8. ஏல் வகைகள் 7 முதல் 10. ஸ்டவுட் 10 முதல் 13. எல்லாமே ஒரே குளிர்ப்பெட்டியிலிருந்து 3, 4 டிகிரியில் வருவதால், ஸ்டவுட் வந்த நேரத்தில் எந்த மணமும் காட்டாது. அதைத் தனியாக ஒதுக்கி வைத்தால், முன்னதெல்லாம் முடியும்போது அதற்கு வேண்டிய சூடு வந்திருக்கும். காபி, கோகோ, கருகிய ரொட்டி எல்லாம் அப்போதுதான் எட்டிப் பார்க்கும்.

வெளிச்சம் அடுத்த பகை. ஹாப்ஸின் கசப்புப் பொருளில் வெயில் பட்டால், சில நிமிடங்களிலேயே கந்தக நாற்றம் ஒன்று கிளம்பும். பச்சைப் பாட்டில் பீரில் சிலருக்குப் பழகிய அதே வாடை. கண்ணாடிக் குவளையில், நேர் வெயிலில், ஐபிஏ வைத்தால் கண் எதிரிலேயே கெடும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போகிறவர்கள் ஜன்னலோர மேசையை விட்டுக்கொடுத்துவிடலாம்.

நைட்ரோ ஸ்டவுட்டைப் பலகையில் சேர்க்கவே வேண்டாம். அதில் கரியமில வாயுவோடு நைட்ரஜனைச் சேர்த்து, கலவையில் 70 முதல் 75 சதவீதம் நைட்ரஜன் இருக்கும்படி வைத்து, பொடித் துளைகள் கொண்ட ஒரு தகடு வழியாகத் தள்ளுவார்கள். பால் போன்ற நுரை அடியிலிருந்து அருவி மாதிரி ஏறி அடங்க ஓரிரு நிமிடம் வேண்டும். உயரமான குவளையில் அது ஒரு காட்சி. 100 மில்லிக் குவளையில் பாதிக்கு மேல் நுரை, அடியில் இரண்டு மடக்கு பீர். தனியாக ஒரு முழுக் குவளை வாங்குவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை.

குவளை சுத்தமா என்பதும் சிறிய குவளையில்தான் சட்டென்று தெரியும். உட்சுவரில் குமிழிகள் முத்து முத்தாக ஒட்டிக்கொண்டு நின்றால் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ மிச்சம் இருக்கிறது. சுத்தமான குவளையில் குமிழி பீருக்குள்தான் ஏறும், சுவரில் நிற்காது. குடிக்கக் குடிக்க நுரை வளையம் வளையமாகச் சரிகைபோல் ஒட்டியிருக்கும். கோதுமை பீரில் நுரையே இல்லை என்றால் பீரைத் திட்டும் முன் குவளையை மாற்றிப் பாருங்கள். உங்கள் உதட்டையும் துடையுங்கள்: வறுவல் எண்ணெய் ஒரு துளி போதும், நுரை உட்கார்ந்துவிடும்.

பெயர் மாறி வந்தால்

குழிக்குக் கீழே சாக்பீஸில் பெயர் எழுதியிருந்தாலும் நம்பிவிட முடியாது. அடிக்கடி இடம் மாறுவது கோதுமை பீரும் விட்டும். இரண்டும் வெளிர் நிறம், இரண்டும் கலங்கல். கண்டுபிடிக்க மூக்கே போதும். ஜெர்மன் வகைக் கோதுமை பீர், அதாவது ஹெஃபவைசன், வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். அதில் யாரும் வாழைப்பழம் போடுவதில்லை, கிராம்பும் போடுவதில்லை. இரண்டும் அந்த ஈஸ்ட் நொதிக்கும்போது தானே உண்டாக்குபவை. நொதிக்கும் சூடு ஏறினால் வாழைப்பழம் ஓங்கும், இறங்கினால் கிராம்பு முன்னுக்கு வரும். பெல்ஜியத்து விட் பீரில் மல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் உண்மையாகவே போடுகிறார்கள். மறைந்தே போயிருந்த இந்த வகையை ஹூகார்டன் ஊரில் பியர் செலிஸ் என்பவர் 1966-ல் மீட்டெடுத்த பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது.

விட் பீரை எடைபோட நம்மவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்? மல்லி விதையை வாழ்நாள் முழுக்க வறுத்தும் பச்சையாகவும் மோந்து பார்த்த மூக்கு. நல்ல விட்டில் அப்போதுதான் நசுக்கிய, வறுக்காத மல்லி விதையின் எலுமிச்சைச் சாயல் வரும். ரசப்பொடி வாடை அடித்தால் விதை பழசு, அல்லது அளவு மீறி, அல்லது அதிக நேரம் கொதிக்கவிட்டிருக்கிறார்கள். உருண்டை விதையைவிட நீள்வட்டமான நம் நாட்டு விதையைத்தான் பல ப்ரூவர்கள் விரும்புகிறார்கள். அதில் எலுமிச்சை மணம் தூக்கல். குவளை விளிம்பில் ஆரஞ்சுச் சுளை செருகி வந்தால் எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். தோலின் எண்ணெய் நுரையைக் கொல்லும், பீரின் சொந்த மணத்தையும் மூடும்.

பழைய மெட்ராஸ் சாலையிலுள்ள கெய்ஸ்ட் இந்த இரண்டையும் ஒப்பிட நல்ல இடம். விட்டி விட், வைஸ் கை இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து மோந்தால் மேலே சொன்ன வேறுபாடு பாடம் மாதிரி விளங்கும். கூடவே அங்கிள் டங்கெலும் காமசித்ரா ஐபிஏவும். நான்கு குவளைப் பலகைக்கு இதைவிடத் தெளிவான நால்வர் கிடைப்பது அரிது. காமசித்ராவைக் கடைசியில் வைக்க மறக்காதீர்கள்.

குறைகளைக் கண்டுபிடிக்க

சாம்ப்லரின் உண்மையான பயன் இதுதான்: ஒரு ப்ரூவரியின் கை எப்படி என்று ஒரே உட்காரலில் தெரிந்துவிடும். அதற்கு ஐபிஏவையும் மாம்பழ பீரையும் பார்க்கக் கூடாது. ஹாப்ஸும் பழமும் எதையும் மறைக்கும். பார்க்க வேண்டியது பிளாண்ட், லேகர், பில்ஸ்னர் ஆகிய வெறும் பீர்கள். நல்ல லேகர் தொட்டியில் குளிரில் நாலு முதல் ஆறு வாரம் கிடக்க வேண்டும். ஏல் இரண்டு வாரத்தில் தயார். தொட்டி குறைவாக உள்ள சிறிய இடத்தில் ஒரு லேகர் அடைத்துக்கொள்ளும் தொட்டியில் இரண்டு ஏலோ மூன்று ஏலோ எடுத்துவிடலாம். அதனால்தான் பல பப்களில் உண்மையான லேகரே இருக்காது. இருந்தால், அதுவும் சுத்தமாக இருந்தால், அந்த ப்ரூவரை நம்பலாம்.

முதலில் தேட வேண்டியது வெண்ணெய். தியேட்டர் பாப்கார்ன், பட்டர் பிஸ்கட் மாதிரி ஒரு வாடை, நாக்கில் வழவழப்பு. டைஅசிடைல் என்ற பொருள். ஈஸ்ட்டே அதை உண்டாக்கும், விட்டால் ஈஸ்ட்டே திரும்பத் தின்றும்விடும். லேகரில் அதற்காக நொதித்தல் முடியும் தறுவாயில் தொட்டியின் சூட்டை 15 முதல் 18 டிகிரி வரை ஏற்றி இரண்டு மூன்று நாள் விடுவார்கள். அவசரப்பட்டால் வெண்ணெய் தங்கிவிடும். சந்தேகம் இருந்தால் குவளையை இரண்டு உள்ளங்கைக்குள் பொத்தி ஒரு நிமிடம் சூடாக்கி மோந்து பாருங்கள். இருந்தால் ஓங்கி வரும். ஆறு பீரிலும் ஒரே வெண்ணெய் வாடை என்றால் குற்றம் காய்ச்சியதில் இல்லை, பீர் ஓடிவரும் குழாய்களில் பாக்டீரியா குடியேறியிருக்கிறது.

பச்சை ஆப்பிள் தோல் வாசனை, பெயின்ட் சாயல் என்றால் பீர் முதிரும் முன்பே இறக்கிவிட்டார்கள். வார இறுதியில் தொட்டி காலியாகி, அடுத்ததற்குக் காத்திருக்கப் பொறுமையில்லாத இடங்களில் வரும் குறை. வெந்த சோளம், வெந்த முட்டைக்கோஸ் வாடை வெளிர் மால்ட்டைப் போதுமான நேரம் கொதிக்கவிடாததால் வருவது. பில்ஸ்னர் மால்ட் என்றால் 90 நிமிடம் மூடாமல் கொதிப்பதுதான் பழைய வழக்கம். நனைந்த அட்டைப்பெட்டி வாடை காற்று பட்டதன் அடையாளம். காடிப் புளிப்பு, அதுவும் நாளின் முதல் குவளையில், என்றால் குழாய் மூக்கைக் கழுவவில்லை.

பீர் ஓடிவரும் குழாய்களை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 2 சதவீதக் காஸ்டிக் கரைசலைக் கால் மணி நேரம் ஓடவிட்டுக் கழுவ வேண்டும், குழாய் மூக்கைக் கழற்றித் தேய்க்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை அமிலக் கழுவலும் வேண்டும் என்பது அமெரிக்க ப்ரூவர்கள் சங்கத்தின் வழிகாட்டல். “கடைசியாக எப்போது கழுவினீர்கள்?” என்று பார்க்காரரைக் கேட்பதில் தப்பே இல்லை. நல்ல இடத்தில் நாள் சொல்வார்கள். விழித்தால், மக் வாங்க வேண்டாம்.

இந்தக் குறைகள் எதுவும் உடம்புக்குக் கெடுதல் செய்பவை அல்ல. ஆனால் மாற்றித் தரச் சொல்லலாம். பெரும்பாலான இடங்களில் முணுமுணுக்காமல் மாற்றுவார்கள். “நல்லாயில்லை” என்று சொல்லாமல், “வெண்ணெய் வாடை வருது” என்று குறிப்பாகச் சொன்னால் ப்ரூவரே எழுந்து வந்து பேசுவதும் உண்டு.

உள்ளூர்ச் சரக்கு

அரிசி, கேழ்வரகு, வெல்லம், மாம்பழம், கோகம், காபி. பெங்களூரு ப்ரூவர்கள் எதையும் விடுவதில்லை. பலகையில் ஒரு இடத்தை இதற்கு ஒதுக்கலாம், இரண்டு வேண்டாம்.

அரிசி பீரில் சோற்று மணத்தைத் தேடாதீர்கள். அரிசி சேர்ப்பது பீரின் கனத்தைக் குறைத்து மொறுமொறுப்பாக்கத்தான். மால்ட்டை 65 டிகிரி வாக்கில் ஊற வைத்தால் மாவு கரைந்துவிடும். அரிசி மாவு குழைய அதைவிட அதிகச் சூடு வேண்டும் என்பதால் தனியாக வேகவைத்துத்தான் சேர்க்க வேண்டும். வேலை அதிகம். குடித்த பின் தொண்டை வறண்டு சுத்தமாக இருந்தால் செய்தவர் சரியாகச் செய்திருக்கிறார்.

மாம்பழ பீரில் கவனம். நிஜமான கூழைத் தொட்டியில் போட்டால் ஈஸ்ட் அதன் சர்க்கரையைத் தின்றுவிடும். மிஞ்சுவது மாங்கொட்டை நாரின் வாசனை, லேசான புளிப்பு, இனிப்பு சொற்பம். “மாம்பழமே தெரியலையே” என்று புதியவர்கள் குறைப்படும் பீர்தான் பெரும்பாலும் நேர்மையானது. முதல் வாயிலேயே பாக்கெட் மாம்பழச் சாறு மணத்து, உதட்டில் பிசுபிசுத்தால் கடைசியில் சிரப் ஊற்றியிருக்கிறார்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை மட்டும் மாம்பழ பீர் வைக்கும் இடத்துக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகத் தரலாம்.

காபி ஸ்டவுட் இந்த ஊருக்கே பொருந்திய சரக்கு. சிக்மகளூர் பக்கத்தில் இருக்கும்போது யாருக்குக் குறை? நல்லதில் புதிதாகத் திரித்த பொடியின் மணம் வரும். பச்சைக் குடமிளகாய் வாடை வந்தால் காபியில் கோளாறு என்று அர்த்தம். இதை ஸ்டவுட்டின் குணம் என்று சொல்லிச் சமாளிப்பார்கள், ஏமாற வேண்டாம்.

கூடத் தின்ன

ருசி பார்த்து முடியும்வரை மசாலா அப்பளம், வேர்க்கடலை மசாலா, ஊரின் பெருமையான காங்கிரஸ் கடலை மூன்றையும் தள்ளி வையுங்கள். பச்சை வெங்காயமும் மிளகும் ஏறிய நாக்கு பிளாண்டுக்கும் கோதுமைக்கும் வேறுபாடு சொல்லாது. வேகவைத்த கடலை, வெறும் ரொட்டி, குளிர்விக்காத தண்ணீர் போதும். குவளைக்குக் குவளை அரைக் கிளாஸ் தண்ணீர்.

முடித்த பின் தாராளமாக. கூர்க் பன்றிக்கறிக்கு டங்கெல் அல்லது சிவப்பு ஏல். அதன் கறுத்த மசாலாவுக்கும் கச்சம்புளிப் புளிப்புக்கும் மால்ட் இனிப்பு இதமாக இறங்கும். மீன் வறுவலுக்கு விட். ஆந்திரா சில்லி சிக்கனோடு ஐபிஏ என்பது ஆண்மைச் சோதனை, ருசி இல்லை. கசப்பும் வாயுவும் காரத்தை ஊதிப் பெருக்கிவிடும். காரமான தட்டு வந்துவிட்டால் கோதுமை பீர் பக்கம் போங்கள்.

எப்போது, எப்படிப் போவது

செவ்வாய் முதல் வியாழன் வரை, மாலை நான்கு முதல் ஆறு. அந்த நேரத்தில் பாட்டுச் சத்தமும் குறைவு, பார்க்காரருக்குப் பேசவும் நேரம் இருக்கும். காதைப் பிளக்கும் இசையில் ருசியும் மங்கும். வைட்ஃபீல்டில் ஜாஸ் அரங்கோடும் புத்தக அலமாரிகளோடும் அமைந்த விண்ட்மில்ஸ் கிராஃப்ட்வொர்க்ஸில் கச்சேரி இல்லாத நேரமாகப் பார்த்துப் போனால் கோதுமை பீரையும் ஸ்டவுட்டையும் நிதானமாக ஒப்பிடலாம். கச்சேரி நேரத்தில் போகிறவர் மேடைக்காகப் போகிறார், அவருக்கு ஒரு மக் போதும். அக்டோபர் 2, தேர்தல் நாட்கள் போன்ற, மது விற்காத உலர் நாட்களைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். வயது 21 என்று கேட்பார்கள், அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

வண்டி எடுக்கவே கூடாது. ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம்தான் சட்ட வரம்பு; ஒல்லியான ஒருவர் ஆறு குவளைப் பலகையை ஒரு மணி நேரத்தில் முடித்தால் அதைத் தாண்டிவிடுவார். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்தானே என்று பைக்கில் வருகிறவர்களுக்குத்தான் இது முக்கியமாகச் சொல்ல வேண்டியது. மெட்ரோவின் ஊதா வழித்தடம் இந்திரா நகரையும் எம்.ஜி. சாலையையும் வைட்ஃபீல்டையும் ஒரே கோட்டில் தொடுகிறது. டாய்ட்டுக்கு இந்திரா நகர் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். ஒரே நாளில் இரண்டு இடம் என்றால் முதல் இடத்தில் நாலு குவளை, இரண்டாம் இடத்தில் இரண்டு. மூன்றாவது இடம் வேறு நாளைக்கு.

பில் வந்ததும் இரண்டைப் பாருங்கள். பீர் ஜிஎஸ்டிக்குள் வராது, சாப்பாட்டுக்குத்தான் ஜிஎஸ்டி. மொத்தத் தொகைக்கும் ஜிஎஸ்டி போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லை; 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதை எடுக்கச் சொல்லிவிட்டு, மூன்று மூன்றாகப் பொறுமையாக ஊற்றிக் கொண்டுவந்தவர் கையில் நேரடியாகக் கொடுங்கள்.